ரோம் நகரத்துத் தெருக்குழாய்

ரோம் நகரத்தில் ஆடி வெயில் மண்டையைப் பிளக்கிறது. சனநெரிசலில் என் நாலு வயது மகளுக்கு நாக்கு வறண்டுவிட்டது. தெருவோரக் குழாயில் தண்ணீர் ஓயாமல் கொட்டியும் குடிக்க மறுக்கிறாள்.

"எல்லாரும் வாய் வைக்கினம் அம்மா. எச்சில்!"

ஊரில், எங்கள் புத்தூர் வீட்டில், செம்பில் வாய் படாமல் அண்ணாந்து குடிக்க அவளைப் பழக்கியவள் நான்தானே!

குழாயடியில் பூக்களை நனைத்துக்கொண்டிருக்கும் பூக்காரியிடம், "பிள்ளை மயங்கப் போகுது அக்கா" என்று தமிழிலேயே புலம்புகிறேன். அவள் தன் பாஷையில் ஏதோ அதட்டிவிட்டு, குழாயின் வாயை விரலால் அடைக்கிறாள். குழாயின் மேற்புறத்துச் சிறு துளையால் தண்ணீர் மேலெழும்பி வளைந்து பாய்கிறது! மகள் அண்ணாந்து மடக் மடக்கென்று குடிக்கிறாள். சட்டையெல்லாம் ஈரம்.

"அம்மா, இவவும் எங்கடை ஆக்களோ?"

"ஓமடி பிள்ளை, கொஞ்சம் தள்ளு" என்று நானும் வாயைத் திறக்கிறேன்.