அம்மா திட்டிய கேட்டுக்காரர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். ஞாபகமும் முன்னைப் போல இல்லை. முன்னே நடந்ததைப் பின்னே சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் முட்டிவலிக்கு மருந்து வாங்கப் போனபோது ரயில்வே கேட்டில் ஆட்டோ மாட்டிக்கொண்டது. இப்போது மணி அடிக்கிறது, கம்பம் கரண்டில் இறங்குகிறது. யாரும் யாரையும் திட்டவில்லை. எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அம்மா ஞாபகம் வந்தது.

அந்தக் கேட்டை ஒட்டி, ரயில்வே நிலத்தில்தான் எங்கள் குடிசை இருந்தது. எனக்கு எட்டு வயதிருக்கும். அப்பா கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்தவர், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அம்மா வேர்க்கடலை அவித்து விற்றாள். கேட் சாத்தியிருக்கும்போதுதான் வியாபாரம். திறந்துவிட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஜன்னல் ஜன்னலாக ஓடுவாள். நான் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டே பின்னால் ஓடுவேன். ரயில் போனதும் இரண்டு பேரும் ரோட்டோரம் உட்கார்ந்து மூச்சு வாங்குவோம்.

கேட்டுக்காரர் வெளியூர் ஆள். சிரிப்பே வராத முகம். ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும் அவர் வெளியே வந்து இரும்புச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். சங்கிலி கரகரவென்று ஓடும். நடுவில் சிவப்புத் தகடு வைத்த இரண்டு கம்பங்களும் இறங்கும். அவற்றைப் பூட்டி, அந்தச் சாவியைக் கொண்டுபோய் இன்னொரு பெட்டியில் போட்டு லீவரை இழுத்தால்தான் தூரத்தில் கைகாட்டி மரத்தின் சிக்னல் கை இறங்கும். கை இறங்கினால்தான் ரயில் வரும். இறங்கிவிட்டால் ரயில் போகிற வரைக்கும் சாவி வெளியே வராது என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் அவர் போன்கூட வராமல், ரயிலுக்கு ரொம்ப முன்னாலேயே சாத்திவிடுவார். சக்கரத்தில் கை வைப்பதற்கு முன் ஒரு தடவை எங்கள் குடிசைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். அம்மா பானையை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருப்பாள். எங்களை முறைக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கம்பம் இறங்கியதும் அவரை முதலில் திட்டுவது அம்மாதான், அதுவும் பஸ்ஸில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி.

"ரயிலு இன்னும் வில்லியனூரு டேசனே தாண்டல, அதுக்குள்ள சாத்திட்டாரு பாரு மவராசன். சனங்க வேலவெட்டிக்குப் போவ வேணாமா?"

"ஏம்மா, ஒனக்கு ரோட்டுல என்னா பஞ்சாயத்து? கடலை வித்தமா போனமான்னு இரு" என்பார் அவர்.

"அக்கா கேக்கறது நாயந்தான்யா" என்று ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் தினமும் சேர்ந்துகொள்வார். கேட்டு வாங்கி ஒரு கை கடலையும் தின்பார்.

அதனால் நானும் அந்தக் கேட்டுக்காரரைக் கெட்டவர் என்றே வைத்திருந்தேன்.

ஒருநாள் காலையில் வழக்கம்போல முன்னாலேயே சாத்தினார். சிக்னல் கையும் இறங்கிவிட்டது. ரயில் வரவில்லை. வழியில் எஞ்சின் நின்றுவிட்டதாம், அது பிறகுதான் தெரிந்தது. பஸ், மாட்டு வண்டி, ஆள் தள்ளுகிற புஷ்வண்டி என்று வரிசை நீண்டுகொண்டே போனது. அதில் ஒரு கல்யாணக் காரும் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. ஊரில் அவர்களுக்கு இருந்த மரியாதையே தனி. அவர் இறங்கி வந்து திறக்கச் சொன்னார். கேட்டுக்காரர் முகமெல்லாம் வேர்த்து, "கை எறங்கிடுச்சுங்க, இனிமே சாவி வராது" என்றதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் முகூர்த்தத்துக்கு நேரமாகிறதென்று மாப்பிள்ளை பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மாலையோடு குனிந்து கம்பத்துக்கு அடியில் நுழைந்து நடந்தே போனார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காரில் இருந்த பிள்ளைகள் பசியில் அழ, கூடையில் இருந்த கடலை முழுக்க அன்றைக்கு விற்றுவிட்டது. ஆனால் அம்மா அன்று திட்டவே இல்லை. காலிக் கூடையோடு, ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சொல்தா புகார் கொடுத்துவிட்டார். சில நாள் கழித்து ஒரு ரயில்வே அதிகாரி டிராலியில் குடை பிடித்து உட்கார்ந்து வர, ஆட்கள் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். இறங்கியதும் அங்கே நின்றவர்களை விசாரித்தார்.

"தெனமும் இப்படித்தான் முன்னாடியே சாத்துறானா?"

கேட்டுக்காரர் சுருட்டிய கொடிகளைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்.

"என்னைக் கேக்காதீங்க சார், அந்தக் கடலைக்கார அக்காவைக் கேளுங்க. தெனம் இந்த ஆள நாக்கப் புடுங்கற மாதிரி கேக்கறது அதுதான்" என்றார் ஜட்காக்காரர்.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "இல்லீங்க. போன் வந்த பொறவு நேரத்துக்குத்தான் சாத்துவாரு. எனக்கு வாய் நீளம், சும்மா திட்டுவேன்."

"என்னாக்கா இப்டி மாத்திப் பேசற? நேத்திகூட…"

"நேத்தி எனக்கு ஒடம்பு சரியில்ல, எதனா ஒளறியிருப்பேன். நீ ஒன் குதிரையப் பாரு."

அம்மா பொய் சொல்கிறாள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். தினமும் சொன்னதை ஞாபகப்படுத்தலாம் என்று வாயைத் திறந்தேன். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டேன்.

அதிகாரி அம்மாவின் கூடையைப் பார்த்தார். பிறகு குடிசையைப் பார்த்தார். "இது யார் குடிசை? ரயில்வே எடத்துல யார் போடச் சொன்னது?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் கேட்டுக்காரர் பேசிவிட்டார். "என் தப்புதாங்க ஐயா. போன் வர்றதுக்கு முன்னாலயே சாத்திட்டேன். தெனமும் அப்படித்தான் சாத்துறேன். வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்லீங்க."

அதிகாரி அதை எழுதிக்கொண்டு டிராலியில் ஏறிப் போய்விட்டார். குடிசை தப்பியது. கேட்டுக்காரரை எங்கோ காட்டுக்குள் இருந்த கேட்டுக்கு மாற்றினார்கள். அவர் தகரப் பெட்டியோடு கிளம்பிய அன்று அம்மா பெரிய பொட்டலமாகக் கடலை கட்டி என்னிடம் கொடுத்தனுப்பினாள். அவள் வரவில்லை. நான் பெட்டிமேல் வைத்துவிட்டு ஓடப் பார்த்தேன்.

"வர்ற ஆளையும் விடாம திட்டச் சொல்லு ஒங்கம்மாவ" என்றார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வந்து சொன்னேன். அம்மா பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கெட்டவர் போய்விட்ட சந்தோஷத்தில் நான், "இனிமே யாரையும் திட்ட வேணாம் இல்லம்மா?" என்றேன்.

"வேணாம்" என்றாள்.

புது ஆள் நல்லவர், சரியான நேரத்துக்குத்தான் சாத்துவார். எங்கள் அடுப்பில் என்ன வேகிறது என்று பார்த்துவிட்டுச் சாத்த அவருக்கு என்ன தலையெழுத்து? ரயிலும் உடனே போய்விடும். கடலை பாதிக்கு மேல் வீட்டுக்கே திரும்பி வந்தது. கொஞ்ச நாளில் அம்மா பெரிய மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போனாள். ஐந்தாவது முடித்ததும் நான் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்டேன். அந்தத் திட்டெல்லாம் ஊர் காதுக்குத்தான் என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை. நேரத்துக்குச் சாத்துகிற நல்ல மனிதரோடு அம்மா ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்றுதான் யோசித்தேன்.

ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். சிக்னல் கை இறங்கிவிட்டால் கேட்டைத் திறக்கவே முடியாது என்று எழுதியிருக்கிறேன். அது மெய்தானா? மெய்யென்றால், முன்னால் சாத்தியது வேண்டுமானால் தப்பு, அன்றைக்குத் திறக்காதது அவர் தப்பில்லை.