நாலாவது குழிக்கு வேலி

திண்டுக்கல்லில் கோல்ஃப் மைதானம் இருக்கிறதா என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் "இருந்தது" என்று சொல்கிறேன். கேட்டவர்களே என்னைத் திருத்துகிறார்கள். பேட்டரி வண்டி ஓடுகிறதாம், வாசலில் நீரூற்று வைத்திருக்கிறார்களாம். இருக்கட்டும். அதே நிலத்தில் அதற்கு முன் இருந்ததைப் பற்றித்தான் நான் சொல்கிறேன்.

கொடைரோடு போகும் ரயில் பாதைக்கு மேற்கே, ஒரு பக்கம் கண்மாய்க் கரை, மறுபக்கம் பனை வரிசை, நடுவில் ஒன்பது குழிகள். ஒரு பஞ்சாலையின் அதிகாரிகளுக்காக எப்போதோ போட்டது. எப்போது என்று கண்டுபிடிக்க நான் வருடக்கணக்கில் அலைந்திருக்கிறேன். ஆண்டு தெரியாத ஒரு சங்கதி மனதில் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆலையின் பழைய காகிதங்களைக் கரையான் தின்றுவிட்டது. கலிங்குக் கல்லில் ஓர் ஆண்டு வெட்டியிருக்கிறது. கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுவதற்காகக் கட்டிய கல்வாய் அது. கலிங்கைக் கட்டியவர்கள் கோல்ஃப் ஆடியிருக்க மாட்டார்கள். அதனால் அந்த ஆண்டு எனக்கு உதவவில்லை. கடைசியில் "தெரியவில்லை" என்று எழுதிவைத்தேன். என்னைக் கேட்டால், தெரியவில்லை என்பதும் ஒரு தகவல்தான்.

மைதானத்தை வகுத்தவர் யார் என்றும் தெரியாது. ஆனால் அவருடைய குணம் தெரியும். மண்ணை வெட்டிக் கொட்டுவதில் அவருக்கு விருப்பம் இல்லை. கரை இருந்தது, அதன் மேல் நின்று அடிக்கச் சொன்னார். பாறை இருந்தது, அதைச் சுற்றிப் போகச் சொன்னார். ஆட்டுக்காரர்கள் நடந்து போட்ட ஒற்றையடிப் பாதை இரண்டாவது குழியின் குறுக்கே போனது, அதையும் அப்படியே விட்டார். இடம் போதாததால் இரண்டாவதும் ஆறாவதும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின. அந்த இடத்தில் அடிப்பதற்கு முன் "வருது!" என்று கத்த வேண்டும். புதிதாக வந்த ஒருவர் கூச்சப்பட்டுக் கத்தாமல் அடித்தார். பந்து ஓர் ஆட்டின் விலாவில் பட்டது. ஆட்டுக்காரர் போட்ட சத்தத்தில் அந்த மனிதர் அதன்பிறகு தன் வீட்டு வாசலில் நின்றுகூடக் கத்தக் கற்றுக்கொண்டார் என்பார்கள்.

மழை ஊர்களில் குழியைச் சுற்றிப் புல் வளர்த்து கிரீன் என்பார்கள். எங்களுக்குப் புல்லும் இல்லை, ஊற்றத் தண்ணீரும் இல்லை. சலித்த மணலில் பழைய எஞ்சின் ஆயிலைக் கலந்து, வட்டமாகப் பரப்பி, அடித்து இறுக்கியிருந்தார்கள். அதற்குப் பெயர் பிரவுன். அதில் நடந்தால் கால் பதியும், பந்து ஓடினால் கோடு விழும். அதனால் ஒரு வழக்கம் இருந்தது. ஆடி முடித்தவர், பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கும் இழுவையை எடுக்க வேண்டும். அது கைப்பிடி வைத்த ஓர் இரும்புக் குழாய். குழியிலிருந்து சுற்றிச் சுற்றி வெளியே இழுத்துக்கொண்டு வந்து, தன் தடம் எதுவும் இல்லாமல் அடுத்தவருக்கு விட்டுவிட்டுப் போக வேண்டும். ஆலை மேலாளர் ஆனாலும் அவரேதான் இழுக்க வேண்டும். இந்த ஊரில் பதவி பார்க்காத வேறு எந்த வழக்கத்தையும் நான் பார்த்ததில்லை.

நான் ஆலை ஆஸ்பத்திரியில் மருத்துவராக இருந்தேன். காலையில் ஒன்பது குழியும் ஆடி முடித்து, குளித்து, நோயாளிகள் வரிசைக்கு முன் போய் உட்காரலாம். அவ்வளவு சின்ன மைதானம். என்னோடு ஆடியவர் நாகல் நகரில் தோல் வியாபாரம் செய்த பாய். ஆலை, வெளியாட்களையும் உறுப்பினராகச் சேர்த்த வருடம் முதல் ஆளாக வந்தவர். என்னைவிட மூத்தவர், என்னைவிட மோசமாக ஆடுபவர், வாய் மட்டும் நீளம். இழுவையை என்னிடம் கொடுக்கவே மாட்டார்.

"குடுங்க பாய், இன்னைக்கி நான் இழுக்குறேன்."

"நீங்க ஊசி போடுங்க டாக்டரம்மா. தேய்க்குற வேல நம்மளது. தோலோ மணலோ, சுருக்கம் இருந்தா எனக்குக் கண்ணு உறுத்தும்."

நாலாவது குழிதான் எங்கள் இருவருக்கும் பிடித்தது. கரை மேல் நின்று, கலிங்குக்கு மேலாக அடித்தால் எதிரே பிரவுன், கண்மாய்ப் பக்கம் லேசாகச் சாய்த்து வைத்த சாப்பாட்டுத் தட்டு மாதிரி. நின்ற இடத்திலிருந்தே எல்லாம் தெரியும், ஒளித்து வைத்தது எதுவும் இல்லை. பலசாலிகள் அங்கேதான் அழிந்தார்கள். ஓங்கி அடித்தால் பந்து பிரவுனில் விழுந்து, சரிவில் ஓடி, தண்ணீரில் இறங்கும். ஆடிக் காற்று பழனிப் பக்கத்திலிருந்து வீசும்போது இன்னும் மோசம். ஐம்பது தாண்டிய ஒரு பெண்ணும், முட்டி தேய்ந்த ஒரு தோல் வியாபாரியும் அரை வீச்சில் அடித்து அங்கே இளைஞர்களைத் தோற்கடித்திருக்கிறோம். நீளத்தை வைத்து ஜெயிக்க முடியாத குழி அது.

ஊரடங்கு முடிந்த மறுவருடம் ஆலை கைமாறியது. கிளப்புக்குப் புதிய கமிட்டி வந்தது. செயலாளர் ஒட்டன்சத்திரம் பக்கம், காய்கறி மண்டிக் குடும்பத்துப் பிள்ளை. நல்ல உடம்பு, நல்ல மரியாதை. மைதானத்தை நீளமாக்கி, புல் போட்டு, வெளியூர்ப் போட்டிகளைக் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். அந்த நேரத்தில் பாய்க்கு முட்டி அறுவை முடிந்திருந்தது. ஒன்பதையும் நடக்க முடியாது. "எனக்கு நாலாவது போதும். வண்டியில கரை மேல எறக்கி விட்ருங்க, அடிச்சிட்டு, இழுத்து விட்டுட்டு வந்துருவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். புதிய வரைபடத்தில் நாலாவது இல்லை. அந்த இடத்தில் வண்டிப் பாதை போட்டிருந்தார்கள்.

கூட்டத்தில் நான் எழுந்து கேட்டேன். செயலாளர் சிரித்தார்.

"ஏனுங்க டாக்டரம்மா, அது ஒரு தூரமுங்களா? எங்க தோட்டத்துல மோட்டார் ரூமுக்குப் போறதே அதைய விட ஜாஸ்திங்க."

பாய் நாற்காலியில் இருந்தபடியே சொன்னார்: "கிட்டக்க இருந்தா பந்து தானா போயி விழுந்துருமா தம்பி? போன வாரம் நீங்க அங்கன நின்னு மீனுக்கு எர போட்டதை நான் பாக்கலைன்னு நெனச்சீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார், காது மட்டும் சிவந்துவிட்டது. கேலியால் காரியம் ஆகாது என்று எனக்குத் தெரிந்தது. படித்த புத்தகங்களை எல்லாம் துணைக்கு அழைத்துக்கொண்டு நீளமாகப் பேசினேன். பழைய கோவிலை யாராவது உயரம் போதாது என்று இடிப்பார்களா என்று கேட்டேன். இது நமது பாரம்பரியம் என்றேன். அந்தச் சொல்லில் செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படிச் சொல்லுங்க! ஹெரிடேஜ்! இது நமக்குத் தோணலைங்களே. நாலாவது அப்படியே இருக்கட்டுமுங்க. ஒரு கல்லு பெயரக்கூடாது."

கை தட்டினார்கள். வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது பாய் மட்டும் சந்தோஷப்படவில்லை.

"வெரசா ஒத்துக்கிட்டான் டாக்டரம்மா. கேட்டதும் சரின்னா நாங்க தோலைத் திருப்பிப் போட்டு ஓட்டை இருக்கான்னு பாப்போம்."

"உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம் பாய்."

"யா அல்லா, சந்தேகப்படாம தோல் யாவாரம் பண்ண முடியுமா?"

மைதானத்தை மூடி வேலை நடந்தது. ஒரு கோடை போனது, ஒரு மழை போனது. பனை வரிசையில் பாதியை எடுத்தார்கள். பாறையை வெடி வைத்து உடைத்தார்கள். இரண்டாவதையும் ஆறாவதையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள், இனி யாரும் கத்த வேண்டியதில்லை. ஆழ்துளைக் குழாய் போட்டுப் புல்லுக்குத் தண்ணீர் இறைத்தார்கள். பாய் வீட்டில் நடை பழகிக்கொண்டிருந்தார். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரே கேள்வி: "நாலாவது இருக்குல்ல?" இருக்கிறது என்று சொல்வேன். தகரத் தடுப்புக்கு மேல், குழியில் நட்டிருக்கும் கொடி தெரிந்தது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. எங்கள் இருவரையும் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். நாதஸ்வரம், பொன்னாடை, எனக்கு ஒரு மர யானை. பிறகு ஊர்வலமாக நாலாவது குழிக்கு அழைத்துப் போனார்கள்.

பிரவுனைச் சுற்றி இடுப்பளவு ஸ்டீல் கம்பி வேலி. வேலிக்கும் மணலுக்கும் நடுவே வட்டமாகச் சிவப்பு டைல். இழுவைக்குத் தங்க நிறப் பெயிண்ட் அடித்து, கண்ணாடிப் பெட்டியில் நிறுத்தியிருந்தார்கள். கொடி காற்றில் சாயக்கூடாது என்று குழிக்குள் சிமெண்ட் ஊற்றி நட்டிருந்தார்கள். பக்கத்தில் கறுப்புக் கல்வெட்டு. கமிட்டிக்காரர்கள் பெயர்கள் எல்லாம் இருந்தன, கடைசியில் என் பெயர். மேலே, மைதானம் தோன்றிய ஆண்டு என்று பொன் எழுத்தில் ஓர் எண். பூஜ்யத்தில் முடிகிற நல்ல முழு எண். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒரு வருசம் போட்டாத்தானுங்களே நல்லா இருக்கும்? 'தெரியவில்லை'ன்னு கல்லுல வெட்ட முடியுங்களா?"

"சரி. இதுல எப்படி ஆடுறது?"

செயலாளர் என்னை உண்மையான வருத்தத்தோடு பார்த்தார். அவர் நடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

"ஆடுனா கெட்டுப் போயிருமுங்களே. காப்பாத்தோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

பாய் ஊன்றுகோலைக் கம்பியில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே பார்த்துக்கொண்டே நின்றார். "தர்காவுக்கு ஜியாரத்துக்கு வந்த மாதிரி இருக்கு டாக்டரம்மா. போர்வை ஒண்ணுதான் பாக்கி" என்றார். என் தோளில் கிடந்த பொன்னாடையைப் பார்த்துவிட்டு, "அதுவும் இருக்கு" என்றார். போட்டோவுக்கு நில்லுங்கள் என்றார்கள். நின்றோம்.

இடித்திருந்தால் அழுது முடித்திருப்பேன். இது தினமும் எதிரே நிற்கிறது. பிரவுன் என்பது இழுக்க இழுக்கத்தான் பிரவுன். ஆள் கால் படாமல், இழுவை படாமல் விட்டால் எண்ணெய் வறண்டு, மணல் வெடித்து, ஓரத்தில் நெருஞ்சி முளைக்கும். பங்குனிக்குள் முளைத்துவிட்டது. புதிய குழிகளில் எங்கும் யாரும் எதையும் இழுத்து விடுவதில்லை. அதற்குச் சம்பள ஆட்கள் இருக்கிறார்கள். நாலாவதுக்கு மட்டும் ஆள் இல்லை. தொடக்கூடாத பொருளுக்கு ஆள் எதற்கு?

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, பாய் கூப்பிட்டார். கையில் ஒரே ஒரு மட்டை. பேட்டரி வண்டியில் ஏறி, கரை மேல் போடப்பட்ட பாதையில் போய், பழைய இடத்தில் இறங்கினோம். முந்தின நாள் தூறியிருந்தது. காற்று பழனிப் பக்கத்திலிருந்து வந்தது. பாய் வெகுநேரம் நின்றார். பிறகு அந்தப் பழைய அரை வீச்சு. பந்து கலிங்கைத் தாண்டி, கம்பியைத் தாண்டி, ஈர மணலில் விழுந்து, சரிவில் ஓடத் தொடங்கி, உள்ளே வரை படர்ந்திருந்த நெருஞ்சியில் முட்டி, கொடிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. வாழ்நாளில் அவர் அடித்ததில் அதுதான் சிறந்தது என்பேன்.

ஆத்தூர்க்காரரான காவலாளி ஓடி வந்தார். "ஏன்யா பெரியவரே, போர்டு போட்ருக்குல்ல? உள்ள ஒருத்தரும் போகப்படாது, பந்தும் போகப்படாது. எனக்குச் சொன்னது அம்புட்டுத்தான்."

"தள்ளி விட வேண்டியதுதான் பாக்கிப்பா. ஒரே ஒரு தட்டு. செத்த நேரம் உள்ள விடு."

"எங்கிட்டுத் தள்ளுவீக? குழியிலதான் சிமிட்டி கெடக்கே."

பாய் அதை மறந்துபோயிருந்தார் என்று நினைக்கிறேன். காவலாளி இரக்கப்பட்டு, பூட்டைத் திறந்து, அவரே உள்ளே போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு வந்தார். பெரிய பூட்ஸ். போகும்போது ஒரு வரிசை, வரும்போது ஒரு வரிசை, ஈர மணலில் ஆழமாகப் பதிந்தது.

"இழுத்து விடுப்பா" என்றார் பாய்.

"என்னத்த?"

பாய் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். காவலாளி தன்னிடம் இருந்த சாவிக் கொத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதற்குச் சாவி ஆபீசில் இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு பாய் வரவில்லை. நான் மட்டும் நடக்கப் போகிறேன். மழை இல்லாததால் மணல் காய்ந்து கெட்டியாகிவிட்டது. பூட்ஸ் தடம் கொடி வரை போய்த் திரும்பி வந்தது அப்படியே இருக்கிறது. போன வாரம் ஒரு குடும்பம் அதைக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. தகப்பனார் தன் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார், அந்தக் காலத்தில் ஆடியவர்களின் கால்தடம் என்று.