பத்தாம் நம்பரின் கழுத்து

எங்கள் மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவருக்கு அத்தான் என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு ஏதோ உண்டு. சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் அது தெரியும். அவருடைய மனைவியின் தம்பியும் அதே வேலைக்கு வந்து சேர்ந்து, ஸ்ட்ரெச்சரின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க "அத்தான், அத்தான்" என்று கூப்பிட்டதில், வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் அத்தானாகிவிட்டார். தம்பிக்கு மச்சான் என்று பெயர் நிலைத்தது. சூப்பரின்டென்ட் அம்மா ஒருமுறை வாய் தவறி "அத்தான், இங்க வாங்க" என்று கூப்பிட்டுவிட்டு, ஒரு வாரம் அவரைக் கண்டால் வேறு வழியாகப் போனார். நான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். இந்த இருவரையும் கட்டி மேய்த்ததில்தான் என் தலையில் பாதி முடி போனது.

ஸ்ட்ரெச்சர் தூக்குவதில் ஒரு சங்கடம் உண்டு. முன்னால் பிடிக்கிறவருக்கு வழி தெரியும், நோயாளி தெரியாது. பின்னால் பிடிக்கிறவனுக்கு நோயாளியின் முகம் தலைகீழாகத் தெரியும், வழி தெரியாது. அதனால் அத்தான் நடந்துகொண்டே, திரும்பாமல் கேட்பார்: "மச்சான், முகம் எப்படி இருக்கு?" மச்சான் சொல்வதை வைத்துத்தான் வேகம். வெளுக்கிறது என்றால் ஓட்டம். முனகல் என்றால் நடை. கழுத்து, முதுகு என்றால் தரையெல்லாம் முட்டை பரப்பி வைத்திருப்பது போல ஒவ்வோர் அடியாக. அந்த வேகத்தைக் கணிப்பதில் அத்தானை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாடிப்படியில் அவர் இறக்கிக் கொண்டு வந்த ஸ்ட்ரெச்சரில் ஒரு பெண் தூங்கிப்போனதை நானே பார்த்திருக்கிறேன்.

அவரிடம் இருந்த ஒரே கோளாறு, யார் வலிக்கிறது என்று சொன்னாலும் நம்பிவிடுவார். வீட்டில் அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் பரீட்சை தோறும் வயிறு வலித்தது. அவருடைய மனைவி தலைவலி என்ற வார்த்தையையே விட்டுவிட்டார். சொன்னால் படுக்க வைத்துவிடுவாராம், அப்புறம் சமையலை யார் பார்ப்பது. ஒருநாள் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன், இப்படி வலி என்று சொல்கிறவன் எல்லாம் காதில் பூ சுற்றிவிட்டுப் போகிறானே, உறைக்கவில்லையா என்று.

"வலியை யாரு கண்ணால பாக்க முடியும்?" என்றார். "சொல்றவங்க சொன்னாதான் உண்டு. அதை நம்பலைன்னா நான் எதைத் தூக்கறது?"

சரி, வலிக்கவில்லை என்று ஒருவன் சொன்னால் அதையாவது நம்புவாரா என்றால், அதுவும் கிடையாது. ஒன்றுமில்லை என்று சொல்கிறவனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆக, அத்தானின் ஸ்ட்ரெச்சரில் ஏறியவனுக்குத் தப்பிக்க வழியே இல்லை.

இப்படிப்பட்ட மனிதரைக் கால்பந்து மைதானத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்? ஆனால் அனுப்பினார்கள். பெரிய ஆட்டம் நடக்கிற நாட்களில் ஆம்புலன்ஸும் ஸ்ட்ரெச்சரும் எங்கள் மருத்துவமனையிலிருந்துதான் போகும். மச்சானுக்குக் கொண்டாட்டம், அவன் கால்பந்துப் பைத்தியம். அத்தானுக்கோ அது நரகம். குண்டடி பட்டது போல உருண்டு புரண்டு கத்துகிற ஆட்டக்காரனை இவர் பதறிப்போய்த் தூக்குவார். கோட்டைத் தாண்டி வைத்ததும் அவன் துள்ளி எழுந்து, காலுறையைச் சரிசெய்துகொண்டு உள்ளே ஓடுவான். மைதானமே சிரிக்கும். இவர் மட்டும் வெறும் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தபடி நிற்பார். ஒரு வெளியூர் கோல்கீப்பரை அவன் கத்தக் கத்தப் பெல்ட் போட்டுக் கட்டி கேஷுவாலிட்டிக்குக் கொண்டு வந்துவிட்டோம். இன்னொரு முறை, ஷூ லேஸ் கட்டக் குனிந்த லைன்ஸ்மேனை. அவர் கொஞ்சம் வயதானவர்; பயத்தில் நிஜமாகவே ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. அத்தான் அதைத் தன் வெற்றியாகவே எடுத்துக்கொண்டார்.

கால்பந்துச் சங்கம் புகார் மேல் புகார் அனுப்பியது. உலகக் கோப்பைக்குப் போகிற கடைசி இடத்துக்காக எங்கள் நாடும் பக்கத்து நாடும் மோதுகிற ஆட்டம் வந்தபோது, சூப்பரின்டென்ட் அம்மா அத்தானைக் கூப்பிட்டார். இந்த முறை எந்தப் பெயரும் சொல்லாமல், விரலால்.

"கோட்டுக்கு வெளியே கொண்டு போய் வையுங்க. எழுந்திரிச்சா விட்டுடுங்க. இன்னொரு புகார் வந்துச்சுன்னா மார்ச்சுவரிக்கு மாத்திடுவேன்."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. மார்ச்சுவரியில் பேய் பிசாசு இருக்கும் என்ற பயமெல்லாம் அவருக்கு இல்லை. அன்று டீக்கடையில் என்னிடம் சொன்னார்: "அங்க ஓடினாலும் ஒண்ணுதான், ஊர்ந்தாலும் ஒண்ணுதான். நான் கத்துக்கிட்டதுக்கு அங்க என்ன வேலை?" அரை டம்ளர் டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார். எனக்கே கஷ்டமாகிவிட்டது.

ஆட்ட நாள். கோல் கம்பத்துக்குப் பின்னால், வெளிவாசலை ஒட்டி என் வண்டி. அத்தானும் மச்சானும் ஸ்ட்ரெச்சரோடு கோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் விழுந்தது எதிரணிக்காரன். தூக்கினார்கள், வைத்தார்கள், அவன் எழுந்து ஓடினான். அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு விட்டுவிட்டார். இரண்டாவது விழுந்தவன் ஸ்ட்ரெச்சர் பாதி வழியில் போகும்போதே குதித்து இறங்கினான். அதற்கும் பேசாமல் இருந்தார். திருந்திவிட்டார் என்று நானும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

இடைவேளைக்குப் பிறகு எங்கள் பத்தாம் நம்பர் ஒரு கோல் போட்டான். நாடு முழுவதும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிற பையன். ஒன்றுக்குப் பூஜ்யம். இறக்க வேண்டிய மாற்று ஆட்களை எல்லாம் இறக்கியாகிவிட்டது. இனி நேரத்தைக் கடத்தினால் போதும், உலகக் கோப்பைக்குப் போய்விடலாம். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, பத்தாம் நம்பர் காற்றில் சாய்ந்த கொடி போல விழுந்தான். அவனுக்கு மிக அருகில் இருந்த எதிரணிக்காரன் அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

ஸ்ட்ரெச்சர் உள்ளே ஓடியது. நடுவர் கடிகாரத்தைத் தட்டி "சீக்கிரம், சீக்கிரம்" என்கிறார். எங்கள் கோச் கோட்டுக்கு வெளியே நின்று, யாருக்கும் தெரியாதது போல இரண்டு கைகளையும் தாழ்த்தித் தாழ்த்தி, மெதுவா, மெதுவா என்று காட்டுகிறார். அத்தான் முன்பக்கத்தைத் தூக்கினார். எல்லா நாளும் கேட்பதைக் கேட்டார்.

"மச்சான், முகம் எப்படி இருக்கு?"

மச்சான் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து கோச்சைப் பார்த்தான்.

"கழுத்து அத்தான்" என்றான். "கழுத்து போல இருக்கு."

அவ்வளவுதான். அத்தான் எடுத்து வைத்த முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் நடுவில் ஒரு பீடி குடித்து முடித்திருக்கலாம். நடுவர் கத்துகிறார், எதிரணிக்காரர்கள் சுற்றி நின்று திட்டுகிறார்கள், ஒருவன் அத்தானின் முதுகில் கை வைத்துத் தள்ளப் பார்க்கிறான். ஸ்ட்ரெச்சர் ஒரு மயிரிழை ஆடவில்லை. எங்கள் ஜனம் ஆர்ப்பரித்தது. அத்தானுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் கைதட்டல் அது. அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

கோடு வந்தது. அத்தான் நிற்கவில்லை. பத்தாம் நம்பர் சிரித்துக்கொண்டே எழப் பார்த்தான். மச்சான், "அத்தான், இங்கேயே வச்சிடலாம்" என்றான். "கழுத்தை வச்சுக்கிட்டா?" என்றார் அத்தான். என் வண்டிக்குள் ஸ்ட்ரெச்சர் ஏறியது. பெல்ட் விழுந்தது. நெற்றியில் ஒன்று, மார்பில் ஒன்று, காலில் ஒன்று. உள்ளே ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டதால் எல்லோர் கண்ணும் பந்தின் மேல். எங்கள் அணி டாக்டர் மட்டும் கோட்டு சூட்டோடு வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி வந்தார். கண்ணாடியில் பார்த்தேன். கழுத்து என்று சொல்லிவிட்டால் சைரன் போட்டுக் கிளம்புவது என் வேலை, நான் கிளம்பினேன்.

"யோவ், எனக்கு ஒண்ணுமில்லய்யா. சும்மா நடிச்சேன்" என்று பத்தாம் நம்பர் அலறினான்.

"அப்படித்தான் தம்பி தோணும்" என்றார் அத்தான். இரண்டு விரலை நீட்டி, "இது எத்தனை?" என்றார்.

"ரெண்டு."

"எவ்வளவு நேரம் யோசிக்கிறாரு பாருங்க" என்றார் என்னிடம்.

"உன் ஆளுதான்யா கழுத்துன்னு சும்மா அடிச்சு விட்டான். அவனையே கேளு."

அத்தான் திரும்பி, "மச்சான்?" என்றார். வண்டி ரேடியோவில் அந்த நேரம் பார்த்து எதிரணி கோல் போட்டது. ஒன்றுக்கு ஒன்று. மச்சானுக்குப் பேயறைந்தது போல முகம். "கழுத்துதான் அத்தான்" என்றான்.

அத்தான் தலையாட்டிக்கொண்டார். பத்தாம் நம்பரின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். "எனக்கு இனிமே மார்ச்சுவரிதான்" என்றார், யாரிடமும் இல்லாமல். "பரவாயில்ல. கழுத்தாச்சே."

கூடுதல் நேரத்திலும் முடிவு வராமல், பெனால்டியில் தோற்றோம். பத்தாம் நம்பர் அடிக்க வேண்டிய கடைசிப் பந்தை எங்கள் கோல்கீப்பர் அடித்தார். அது இன்னும் கிடைக்கவில்லை என்று கேள்வி.

எக்ஸ்ரேயில் கழுத்து பச்சைக் குழந்தையின் கழுத்து போல இருந்தது. ஆனால் விஷயம் வெளியே வருவதற்குள் விடிந்துவிட்டது, விடிந்தபோது நாட்டுக்குக் கழுத்து தேவைப்பட்டது. கழுத்தில் அடி என்றால் வீரத் தோல்வி. அடி இல்லை என்றால் நம் பையன் நடிக்கப் போய்க் கோட்டை விட்டான் என்று ஆகிவிடும். சங்கத் தலைவர் பெரிய டாக்டருக்குப் போன் செய்தார். அமைச்சர் சங்கத் தலைவருக்குப் போன் செய்தார். சாயங்காலம் பத்தாம் நம்பர் தாடையை முட்டுகிற காலர் மாட்டிக்கொண்டு பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தான். "வலி இருக்குதா?" என்று கேட்டார்கள். "தாங்கிக்கிறேன்" என்றான். வாசலில் பெண்கள் அழுதார்கள். பள்ளிக்கூடங்களில் அந்தக் கழுத்துக்காக எழுந்து நின்று மௌனம் காத்தார்கள்.

இத்தனை பேரில் அந்தக் கழுத்தை உண்மையாக நம்பியது அத்தான் ஒருவர்தான். எக்ஸ்ரே எடுத்தவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "ஒரு கீறல்கூட இல்ல, பாருங்க" என்றார். அத்தான் பார்த்தார். "படத்துல விழாத அடியும் இருக்குங்க. எங்க மச்சான் முகத்தைப் பாத்திருக்கான்" என்றார்.

மார்ச்சுவரிப் பேச்சு அடிபட்டுப் போனது. நாட்டின் கழுத்தைக் காப்பாற்றியவரை எப்படி மாற்றுவது? ஒரு விழா வைத்தார்கள். அமைச்சர் அத்தானுக்குக் கேடயம் கொடுத்தார். அதில் ஸ்ட்ரெச்சர் படம் பொறித்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் ஏணி போல இருக்கும். பத்தாம் நம்பர் காலரோடு மேடையில் வந்து, தலையைத் திருப்ப முடியாததால் உடம்போடு திரும்பி அத்தானைக் கட்டிக்கொண்டான். அவன் கண்ணில் கொலைவெறி. ஜனம் அதைக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டது.

திரும்பி வரும்போது வண்டியில் நாங்கள் மூன்று பேர். முன் சீட்டில் மூவரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம், அத்தான் மடியில் கேடயம். மச்சான் சந்தோஷத்தில் இருந்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அத்தான், ஒண்ணு சொல்லவா? இப்பதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருச்சே. கழுத்துல ஒண்ணுமே இல்ல. அவன் என்னைப் பாத்துக் கண்ணடிச்சான். நேரம் போகட்டும்னு நான்தான் கழுத்துன்னு விட்டேன். நம்ம டீமுக்காகத்தான்."

நான் சிரித்துவிட்டேன். அத்தான் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டார்:

"இதுக்கு முன்னாடி எத்தனை தடவை?"

"எது அத்தான்?"

"முகத்துல ஒண்ணு பாத்துட்டு, என்கிட்ட வேற ஒண்ணு சொன்னது."

"ஆஸ்பத்திரியில ஒரு தடவைகூட இல்ல அத்தான். அக்கா மேல சத்தியம்."

"நீ சொல்ற" என்றார் அத்தான். கோபமே இல்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்: "அது எனக்கு எப்படித் தெரியும்?"

மச்சான் இன்னொரு சத்தியத்துக்குக் கையைத் தூக்கினான்.

"சாரத்துலேருந்து விழுந்தாரே ஒரு கொத்தனாரு" என்றார் அத்தான். "வெறும் முனகல்தான்னு சொன்ன. நான் நடந்துதான் போனேன்."

"உண்மையாவே முனகல்தான் அத்தான்."

"அவரு அன்னைக்கே போயிட்டாரு."

மச்சான் அழுதுகொண்டே வந்தான். அவன் சொன்னது உண்மைதான் என்று நான் நம்புகிறேன். ஆனால் நான் நம்பி என்ன பிரயோசனம்?

மறுநாள் காலை அத்தான் சூப்பரின்டென்ட் அம்மா அறைக்குப் போனார். சாவி வாங்க நானும் அங்கே நின்றேன்.

"என்னை மார்ச்சுவரிக்கே போட்டுடுங்கம்மா."

"உங்களுக்கு எதுக்கு? கேடயமே குடுத்தாச்சே."

"அங்க மெதுவா போனாலும் தப்பில்லம்மா" என்றார்.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. இப்போது அங்கேதான் இருக்கிறார், தனியாகத் தள்ளுவண்டி தள்ளுகிறார். வீட்டில் மச்சானோடு பேச்சுவார்த்தையெல்லாம் எப்போதும் போலத்தான். சாப்பாடு பரிமாறினால் சாப்பிடுகிறார், கேட்டால் பதில் சொல்கிறார்.

ஸ்ட்ரெச்சரின் முன்பக்கத்துக்குப் புதிதாக ஒருவனைப் போட்டிருக்கிறார்கள். அவன் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போகிறவன், எல்லோரையும் ஒரே வேகத்தில் தூக்குகிறான், எதையும் கேட்பதில்லை. பின்னால் மச்சான், யாரும் கேட்காமலே, வழி நெடுக உரக்கச் சொல்லிக்கொண்டு வருகிறான்: "முகம் வெளுக்குது. உதடு காயுது. கண்ணு திறந்திருக்கு."