மேல் வீட்டுக்குப் போன ஊதா கேக்

தெருவில் அவரைப் பூக்காரம்மா என்றுதான் சொல்வார்கள். தோட்டம் கிடையாது, தொட்டி கிடையாது. ஆசைப்பட்டு வாங்கிய ஒரே கற்றாழையும் அவருடைய பாசம் தாங்காமல் தண்ணீரில் அழுகிப்போனது. அவர் விளைவிப்பதெல்லாம் பட்டர் கிரீம் பூக்கள். வீட்டின் முன்னறை கடை, பின்னறை வயல். வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் விதை.

அதற்கு முன் ஓர் ஆயத்த ஆடை கம்பெனியில் சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தார். இடுப்பு வலி வந்து வேலையை விட்டார். இடுப்பு ஓய்வு கேட்டது, கை கேட்கவில்லை. மசித்த உருளைக்கிழங்கைப் பையில் அடைத்து, நுனியில் தகரக் குழல் மாட்டி, பிழிந்து பிழிந்து இதழ் போடப் பழகினார். அந்த நாட்களில் அவர் வீட்டு உருளைக்கிழங்கு உருண்டையாக யார் கண்ணிலும் பட்டதில்லை. சட்டியில் ரோஜா கொதித்தது. வாணலியில் சாமந்தி வறுபட்டது. "தினமும் சாப்பாட்டுக்கு மலர் வளையம் வைக்கிறாளே, நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்னு யாராவது சொல்லுங்கப்பா" என்று அவருடைய கணவர் தெருவில் முறையிட்டார். யாரும் சொல்லவில்லை.

பிறகு உருளைக்கிழங்கு வெண்ணெயானது. பூ நிஜப் பூவைவிட நிஜமாகத் தெரிய ஆரம்பித்தது. தேனீ ஒன்று வந்து ஏமாந்து திரும்பியதாகக் கணவர் சொல்லுவார். அது ஈ.

இவ்வளவு வித்தை கையில் இருந்தும் பூக்காரம்மாவால் ஒரே ஒரு மனுஷியைத் தன்னோடு பேசவைக்க முடியவில்லை. அந்த மனுஷி மேல் வீட்டில் இருந்தார். கூடப் பிறந்த அக்கா.

அக்கா மகளின் கல்யாணத்துக்குக் கேக் வேறு கடையிலிருந்து வந்ததுதான் ஆரம்பம். சர்க்கரையை மாவாகப் பிசைந்து, கெட்டியான போர்வையாகப் போர்த்திய கேக். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்தது, அக்காவுக்கே அது தெரியாது. பூக்காரம்மாவுக்கு அதெல்லாம் விசாரிக்கப் பொறுமை இல்லை. கேக் வெட்டும் நேரத்தில், மண்டபமே அமைதியாக இருந்தபோது, "கத்தி போதுமா, ரம்பம் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டார். சம்பந்தியம்மாள் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அன்று அடைத்த வாய், தங்கையைப் பார்த்துத் திறக்கவே இல்லை.

ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி, பேச்சு மட்டும் இல்லை என்றால் குடும்பம் எப்படி நடக்கும்? அதற்குத்தான் இரண்டு கணவர்கள் இருந்தார்கள். பெரிய சகலை மேல் வீட்டின் தூதர், சின்ன சகலை கீழ் வீட்டின் தூதர். அவசரத்துக்குச் சுவரும் கைப்பிடிக் கம்பியும் உதவின. "மோட்டாரை நிறுத்தாம சில பேர் தூங்கிடறாங்க" என்று அக்கா கைப்பிடிக் கம்பியிடம் சொல்லுவார். "நிறுத்தியாச்சுன்னு சொல்லு" என்று தங்கை கதவிடம் சொல்லுவார். இரண்டு நாடுகளுக்கிடையே இதைவிட ஒழுங்காகத் தகவல் போய்வந்து கேள்விப்பட்டதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு இப்போது முடிவு வந்துவிட்டது. மேல் வீட்டார் மகள் இருக்கும் ஊருக்கே குடிபெயர்கிறார்கள். நாளை மறுநாள் காலை லாரி. நாளைச் சாயங்காலம் மேலே சின்னதாக ஒரு விருந்து. அக்கா பேசாமலே லாரி ஏறிவிட்டால், அப்புறம் கோபித்துக்கொள்ளக்கூட ஒரு படிக்கட்டு இருக்காது. பூக்காரம்மா சில நாட்களாகத் தூக்கத்தில் பல்லைக் கடிப்பதாகச் சின்ன சகலை கவலையோடு அறிவித்திருந்தார்.

அப்போதுதான் பெரிய சகலை படியிறங்கி வந்து, குரலைத் தாழ்த்திச் செய்தி சொன்னார்.

"கேக் கீழேருந்து வந்தா வரட்டும்னா."

பூக்காரம்மா கையிலிருந்த கரண்டியை வைத்தார். "வரட்டும்னாளா, வந்தா வரட்டும்னாளா? சரியா சொல்லுங்க அத்தான்."

"வந்தா வரட்டும்."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தான்."

"எப்பவும் போலன்னா?"

"எனக்குப் பயமா இருக்கிற மாதிரி."

"கலர் ஏதாவது சொன்னாளா?"

"ஊதாப்பூன்னா நல்லாருக்கும்னு ஜன்னலைப் பாத்துச் சொன்னா. நான்தான் ஜன்னல் பக்கத்துல நின்னுட்டிருந்தேன்."

இந்த நாலு வார்த்தையைப் பூக்காரம்மா சாப்பிடும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். 'வந்தா' என்பதில் வெறுப்பு இருந்தது. 'வரட்டும்' என்பதில் நப்பாசைக்கு இடம் இருந்தது. ஊதா என்பதில் அக்காவின் சின்ன வயது ஆசை இருந்தது. பையும் குழலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தட்டைத் தலை உள்ள ஆணி ஒன்று அவரிடம் உண்டு. அதன் தலையில் ஒரு துண்டு எண்ணெய்த் தாளை ஒட்டுவார். இடது கை விரல்களில் ஆணி சுழல, வலது கையில் பை அழுந்த, இதழ் மேல் இதழாகப் பூ எழும்பும். தாளோடு எடுத்து உறைபெட்டியில் வைத்துவிடுவார். இறுகியதும் கேக்கில் ஏற்றுவார். கேட்கச் சுலபம். கை சூடாகிவிட்டால் வெண்ணெய் இளகி இதழ் நாக்கைத் தொங்கப்போட்டுவிடும். பதறிப் பதறிப் பிழிந்தால் கை சூடாகத்தான் இருக்கும். ஐஸ் தண்ணீரில் கையை முக்குவதும், துடைப்பதும், பிழிவதுமாக நாள் முழுக்க ஓடியது. மறுநாள் காலையில் கேக் மேல் ஊதாப் பூக்கள் வட்டமாகப் பூத்து நின்றபோது, குறை சொல்ல ஓர் இதழ்கூட இல்லை. கேக்கைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டுக் குளித்தார். இடுப்பைக் கொஞ்சம் நீட்டினார். கண் அசந்துவிட்டது.

மத்தியானம் தாண்டி விழித்து வந்து பார்த்தால் குளிர்பெட்டியில் கேக்கைக் காணோம்.

"என்னங்க! கேக் எங்க?"

"பதறாதே" என்றார் சின்ன சகலை கடையிலிருந்து. "ராஜ மரியாதையோட உக்காந்திருக்கு. வந்து பாரு."

தெருவைப் பார்த்த கண்ணாடி ஷோகேஸில் கேக் இருந்தது. மனைவியின் புகழ் நாலு பேருக்குத் தெரியட்டும் என்று அந்த நல்ல மனிதர் எடுத்து வைத்திருந்தார். உள்ளே குளிர் இருந்தது. ஆனால் காலையிலிருந்து வெயிலும் அதே கண்ணாடி வழியாக வந்து, நாலு பேரோடு சேர்ந்து கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஊதா என்பது சிவப்பும் நீலமும் நடத்தும் கூட்டுக்குடித்தனம். வெளிச்சம் பட்டால் முதலில் சிவப்பு மூட்டை கட்டிவிடும். தெருப்பக்கம் இருந்த பூக்கள் அத்தனையும் சாம்பல் நிறத்தில், பாத்திரம் விளக்கிய தண்ணீரில் தோய்த்து எடுத்ததுபோல் இருந்தன. கடைப்பக்கம் இருந்தவை ஊதாவாகவே இருந்தன. ஒரே கேக், பாதி கல்யாணம், பாதி துக்கம்.

பூக்காரம்மா கத்தவில்லை. அதுதான் சின்ன சகலைக்குக் கிலி பிடித்தது.

"திட்டிடு" என்றார். "உள்ள வெச்சுக்காதே. திட்டிடு."

"வெண்ணெய் எவ்வளவு இருக்குன்னு பாருங்க."

கொஞ்சம்தான் இருந்தது. நேரம் அதைவிடக் கொஞ்சமாக இருந்தது. மேலே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. பூக்காரம்மா வெண்ணெயை அடித்து ஊதாச் சாயத்தை விட்டார். பட்டர் கிரீமில் சாயம் உடனே முழு நிறம் காட்டாது, இருக்க இருக்கத்தான் ஏறும். இது அந்தத் தொழிலின் பாலபாடம். "வெளுப்பா இருக்கும்போதே கையை எடுத்துடணும்" என்று வாடிக்கையாளர் முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் பாடம் நடத்தியவர் அவர். இன்று பழைய பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதுக் கிரீம் சோகை பிடித்தாற்போல் இருந்தது.

"சேரலையே" என்றார் சின்ன சகலை, தோளுக்குப் பின்னாலிருந்து.

"ஏறும்."

"ஏறலேன்னா? மேல ஜனம் வந்தாச்சு. இன்னும் ஒரு சொட்டு விடேன்."

அவருக்குத் தெரியும். தெரிந்தும் விட்டார். மறுபடியும் ஒத்துப் பார்த்து, மனசு கேட்காமல் இன்னும் ஒன்று. இரண்டும் அச்சாகச் சேர்ந்தபோது "பாத்தியா!" என்று சின்ன சகலை தானே கண்டுபிடித்ததுபோல் மகிழ்ந்தார்.

ஐஸ் தண்ணீர், ஆணி, பை. இதழ்கள் துவண்டன. வழித்துப் போட்டுவிட்டு மறுபடி பிழிந்தார். வெண்ணெய் தீரும்வரை பிழிந்ததில் சாம்பல் பூக்களில் சிலவற்றைத்தான் மாற்ற முடிந்தது. மீதிச் சாம்பல் அங்கேயே இருந்தது. கேக்கைக் குளிர்பெட்டிக்குள் தள்ளிக் கதவின் மேல் சாய்ந்து நின்றார், உள்ளேயிருந்து ஏதோ தப்பி ஓடிவிடும்போல.

கூப்பிடும் நேரம் வந்து கதவைத் திறந்தபோது புதுப் பூக்கள் முற்றிய கத்திரிக்காய் நிறத்தில் பளபளத்தன.

"மூணு கலரா ஆயிடுச்சே" என்றார் சின்ன சகலை மெதுவாக. "டிசைன்னு சொல்லிடலாம்."

"என்ன டிசைன்?"

"அந்திநேரம். வானம் மாறுற மாதிரி."

"வாயை மூடிட்டு அந்தப் பக்கம் பிடிங்க. கோணல் பக்கத்தைச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சுடலாம்."

படிக்கட்டில் கேக் ஏறியது. திருப்பத்தில் சின்ன சகலையின் முழங்கை சுவரில் இடித்தது. கேக் ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, நிமிர்ந்தது. பூக்காரம்மாவின் உயிர் கொஞ்சம் தாமதமாகத் திரும்பியது.

மேலே போனதும்தான் பெரிய இடி. மேசைகளெல்லாம் மூட்டையாகிவிட்டன. அலமாரிகள் கயிறு கட்டிக் கிடந்தன. சுவர் ஓரமெல்லாம் அட்டைப்பெட்டி. மிச்சமிருந்த ஒரே மேசை கூடத்தின் நட்டநடுவில் நின்றது. திருப்பி வைக்க ஒரு சுவர்கூட அதன் பக்கத்தில் இல்லை.

வேறு வழியில்லாமல் சின்ன சகலை தானே சுவரானார். சாம்பல் பக்கத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். அக்கா சமையலறையிலிருந்து வந்தார். கேக்கைப் பார்த்தார். நல்ல பக்கம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சுற்று வர ஆரம்பித்தார். அக்கா ஓர் அடி நகர்ந்தால் சின்ன சகலையும் ஓர் அடி நகர்ந்தார். பூமியைச் சந்திரன் சுற்றும் முறையில் இது கொஞ்ச நேரம் நடந்தது.

"என்ன தம்பி, கேக்குக்குக் காவலா?" என்றார் அக்கா.

"இல்லைங்க, சும்மா, காத்தோட்டமா…"

"சகலை, இந்த ஸ்டூலைக் கொஞ்சம் பிடிங்க!" என்று உள்ளேயிருந்து பெரிய சகலை கூப்பிட்டார். பழக்க தோஷம், "இதோ!" என்று சின்ன சகலை ஓடிவிட்டார். சுவர் போய்விட்டது.

அக்கா நின்றார். சாம்பல், ஊதா, கத்திரிக்காய். குனிந்து பார்த்தார். விருந்துக்கு வந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். பூக்காரம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். இப்போது திரும்பிப் படியிறங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது.

"இது என்னன்னு கேளுங்க" என்றார் அக்கா, பொதுவாக.

பெரிய சகலை ஸ்டூலோடு ஓடிவந்தார். "இது என்னன்னு கேக்கறா…"

"டிசைன்" என்றார் சின்ன சகலை, அவருக்குப் பின்னாலிருந்து. "அந்திநேர வானம். இப்ப இதான் எல்லா இடத்துலயும்…"

அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. சாம்பல் பூ ஒன்றின் பக்கத்தில் விரலை வைத்தார். நிமிர்ந்தார். இரண்டு தூதர்களையும் தாண்டி நேராக வாசலைப் பார்த்தார்.

"ஏண்டி, ஊதாவைக் கொண்டுபோய் வெயில்ல வெச்சியா?"

பெரிய சகலை வாயைத் திறந்து, கேள்வி தன் வழியாகப் போகவில்லை என்பதை உணர்ந்து, மூடிக்கொண்டார்.

"நான் வெக்கல" என்றார் பூக்காரம்மா. "இவர் வெச்சார்."

"அவர் வெக்கும்போது நீ எங்கடி போன?"

"இடுப்பு வலிச்சுது. கொஞ்சம் படுத்தேன்."

"படுத்தாளாம்! துணி காயப்போடுறவளுக்கே தெரியும், ஊதாவைக் கொடியில போட்டா பல்லிளிச்சுடும்னு. நீ தொழில் பண்றவ. இது என்ன, கத்திரிக்கா வத்தலா?"

"அவசரத்துல சாயம் ரெண்டு சொட்டு கூடிப்போச்சு."

"கூடும்னு தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் விட்டியா?"

"உனக்குப் பிடிச்ச கலராச்சே, சேரலேன்னா நீ…" பூக்காரம்மா அதற்கு மேல் சொல்லவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அக்கா, கத்தி வரக் காத்திராமல், கத்திரிக்காய் நிறப் பூ ஒன்றைக் கிள்ளி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சாயம் கூடினால் கசக்கும். அவர் முகம் கோணியது. உதடும் பல்லும் நாக்கும் ஊதாவாயின.

"கசக்குதுடி."

"கசக்கும்க்கா."

அக்கா என்ற அந்தச் சொல் வெளியே வந்ததும் பூக்காரம்மாவே திடுக்கிட்டார். வேலை போய்விட்ட இரண்டு சகலைகளும் ஸ்டூலின் இரு முனையைப் பிடித்தபடி, கீழே வைப்பதா தூக்குவதா என்று தெரியாமல் நின்றார்கள். அக்கா அவர்களை ஒதுங்கச் சொல்லிக் கையாட்டிவிட்டு, ஊதாப் பல்லோடு தங்கையிடம் தட்டை நீட்டினார்.

"அந்தச் சாம்பல் பூவுல ஒண்ணு வை. அது எப்படி இருக்குன்னும் பாத்துடறேன்."