மேட்டிலிருந்து தானாக இறங்கியவர்

தன் பந்தை யாராவது வேலிக்கு அப்பால் அடித்துவிட்டால் கர்ட் ஹாலோவெல் அடித்தவனைப் பார்க்க மாட்டார். நடுவர் தரும் புதுப் பந்தை வாங்குவார், தையலை நகத்தால் நெருடுவார், அழுகின தக்காளியைக் கடைக்காரனிடம் திருப்பித் தருகிறவர்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு அதைத் திருப்பி வீசுவார். வேறு பந்து வரும். அதையும் சந்தேகத்தோடுதான் வாங்கிக்கொள்வார். பல வருடங்களாக இதைப் பார்த்திருக்கிறேன். அவரைப் பொறுத்தவரை தப்பு எப்போதும் பந்தின் மேல்தான்.

நான் அவர் ஆடிய பேஸ்பால் அணியின் சலவை அறையில் வேலை பார்க்கிறேன். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்த வேலை. பிப்ரவரியில் அணி ஃப்ளோரிடாவுக்கு, எங்கள் ஊருக்குப் பயிற்சி எடுக்க வரும். மார்ச் முடிந்தால் வடக்கே கிளம்பிவிடும். சலவை அறையின் பின்கதவுக்கு நேர் எதிரே சின்னப் பயிற்சி மைதானம். உள்ளே உலர்த்தும் இயந்திரங்களின் சூடு தாங்காது என்பதால் கதவு திறந்தேதான் கிடக்கும். பேச எனக்கு அவ்வளவாக வராது. அதனால் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஹாலோவெல் நெப்ராஸ்காவில் சோளம் போடும் குடும்பத்துப் பிள்ளை. முதலில் அவரை ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக, பந்து எறிகிறவராகத்தான் எடுத்தார்களாம். ஒன்பது இன்னிங்ஸில் மூன்றுக்குள்ளேயே மூச்சு வாங்கியதால், கடைசியில் இறங்கி ஆட்டத்தை முடித்துக்கொடுக்கிற ஆளாக மாற்றினார்கள். அந்த வேலையில் ஒரு வருடம் அவர் ராஜாவாக இருந்தார். அதை நான் மறுக்க மாட்டேன். பந்து அவர் கையை விட்டுப் போவது தெரியும். அப்புறம் கேட்சரின் கையுறையில் விழும் சத்தம்தான் கேட்கும்.

அந்த ஒரு வருடத்தை வைத்துத்தான் மிச்ச வருடங்களை ஓட்டினார். தன் முகத்தைப் போட்டு ஒரு மிளகாய்ச் சாஸ் விற்றார். சாப்பாட்டுக்கூடத்தில் ஒவ்வொரு மேஜையிலும் அந்தப் பாட்டில் இருக்கும், திறந்தவர்கள் குறைவு. சலவை அறைப் பெண்கள் எல்லோரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். பாசமெல்லாம் இல்லை, ஒருத்தி பெயரும் அவருக்குத் தெரியாது.

ஒவ்வொரு பிப்ரவரியும் பத்திரிகைக்காரர்களிடம் உடம்பு இந்த வருடம் மாதிரி என்றைக்குமே இருந்ததில்லை என்பார். ஒரு வருடம் யோகா என்றார். ஒரு வருடம் காட்டுமான் இறைச்சி மட்டும் தின்றேன் என்றார். அவர்களும் போன வருடம் எழுதியது மறந்துபோனவர்களாக அப்படியே எழுதிக்கொண்டு போவார்கள். பந்து மட்டும் வருடத்துக்கு வருடம் மெதுவானது. பெரிய மைதானத்துப் பலகையில் வேகம் குறைவாகக் காட்டியபோது இயந்திரம் பழுது என்றார். மரியாதைக்காக, அவர் எறியும்போது மட்டும் பலகையை அணைத்து வைக்க ஆரம்பித்தார்கள். வடக்கிலிருந்து குளிருக்குப் பயந்து வந்து, பீர் குடித்துத் தோல் சிவந்து உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்றவர்கள் அவர் வெறுமனே தொப்பியைத் தொட்டாலே கைதட்டுவார்கள். அணைந்த பலகையை ஒருவரும் கேள்வி கேட்டதில்லை.

என்னோடு வேலை பார்க்கும் டார்லா ஒரு தடவை சொன்னாள்: "அவரு பந்து கெளம்பி அந்தப் பக்கம் போய்ச் சேர்றதுக்குள்ள நான் ரெண்டு துண்டு மடிச்சிருவேன்டி."

போன வருடம் அவர் ஒப்பந்தம் இல்லாமல் வந்தார். வந்து எறிந்து காட்டு, பிடித்திருந்தால் வைத்துக்கொள்கிறோம் என்று கூப்பிட்டிருந்தார்கள். கடைசிக்கட்ட பிட்சர்களில் ஒரே ஓர் இடம் காலி. அதற்கு இவரும், டொமினிக்கன் நாட்டிலிருந்து வந்த இசிட்ரோ என்பவனும் போட்டி. இசிட்ரோ ஒன்றும் பெரிய திறமைசாலி இல்லை. பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. ஆனால் வேகமாகப் போகும். இந்த இடம் கிடைக்காவிட்டால் ஹாலோவெலை வேறு எந்த அணியும் கூப்பிடாது. அது அவர் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சின்ன மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூன்று பேரை அவுட் ஆக்கினால்தான் இன்னிங்ஸ் முடியும் என்பது சட்டம். ஆனால் பயிற்சி ஆட்டத்தில் ஒருவர் அடி வாங்கிக்கொண்டே இருந்தால், தோள் வீணாகப் போக வேண்டாம் என்று கோச் விரலை மேலே தூக்கி ஒரு சுற்று சுற்றுவார். இன்னிங்ஸைச் சுருட்டியாகிவிட்டது என்று அர்த்தம். அவுட் ஆனது ஒருவரோ இருவரோ, எல்லோரும் மறுபேச்சில்லாமல் இடம் மாறிவிடுவார்கள். அது இளம் பிள்ளைகளின் தோளைக் காப்பாற்ற வந்த வழக்கம். ஹாலோவெலுக்கோ அது மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. சில வருடங்களாக அவர் சின்ன மைதானத்தில் ஒரு இன்னிங்ஸைக்கூட முழுதாக முடித்து நான் பார்க்கவில்லை. அவர் முகம் சிவந்ததும் விரல் சுற்றும். "இன்னிக்கு வேலை நல்லபடியா முடிஞ்சது" என்று சொல்லிக்கொண்டே வந்து துண்டு கேட்பார்.

மார்ச் நடுவில் ஒரு காலை. பிட்சர்களுக்குக் கோச்சான மர்வின் டீக்ஸ், கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் துண்டுகளைக் கொண்டுபோய் ஓரத்துப் பெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு மூன்று அவுட் எடுத்துவிட்டுத்தான் வர வேண்டும், எத்தனை பந்து ஆனாலும் சரி, நாளை மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஹாலோவெலிடம் சொன்னார். ஹாலோவெல் சிரித்துவிட்டு அவர் தோளைத் தட்டினார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஒரு வார்த்தையும் அவர் காதில் ஏறவில்லை என்பது அந்தக் கண்ணடிப்பிலேயே தெரிந்தது.

எதிரே ஆடியவர்கள் கீழ்மட்ட அணிப் பையன்கள். அவர் புகழோடு இருந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். முதல் பையன் பயத்தில் மட்டையையே அசைக்காமல் நின்றான். அவனுக்கு நான்கு பந்தையும் வெளியே எறிந்து, சட்டப்படி அடிக்காமலே முதல் பேஸுக்கு அனுப்பிவைத்தார். இரண்டாமவன் தைரியம் வந்து அடித்தான். மூன்றாமவன் அடித்த பந்து வேலியைத் தாண்டிக் கார் நிறுத்துமிடத்தில் விழுந்தது. ஹாலோவெல் புதுப் பந்தைத் திருப்பி வீசினார், வழக்கம்போல. அடுத்தவன் தூக்கி அடித்தது யாரோ கையில் போய் விழுந்தது. ஒரு அவுட். பிறகு மறுபடியும் அடி, மறுபடியும் அடி.

அவர் வாளிப் பக்கம் பார்த்தார். டீக்ஸ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு பந்து, இன்னொரு அடி, இன்னொரு ரன். மறுபடியும் வாளிப் பக்கம் பார்த்தார். விரல் எழவில்லை.

அப்போது ஹாலோவெல் பந்தை, தான் நின்று எறியும் மண்மேட்டின் மேல் வைத்தார். கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். மேட்டிலிருந்து இறங்கி, நிதானமாக, தொப்பியைத் தொட்டுக்கொண்டே பெஞ்சுக்கு நடந்து வந்தார். களத்தில் ஒருவரும் நகரவில்லை. அடிக்க வேண்டிய பையன் மட்டையைத் தோளில் வைத்தபடி நின்றான். கேட்சர் முகக்கவசத்தை மேலே தள்ளிவிட்டு டீக்ஸைப் பார்த்தான்.

"எங்க போற கர்ட்?" என்றார் டீக்ஸ்.

"முடிஞ்சதில்ல மர்வ்? சுருட்டியாச்சே."

"யாரு சுருட்டுனா?"

"நீதாம்ப்பா. வழக்கமா இங்கதானே நிறுத்துவ."

டீக்ஸ் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தாலாவது மரியாதையாக இருந்திருக்கும். "நான் கையக்கூடத் தூக்கல. சரி, போய்க் குளி" என்றார். பிறகு பெஞ்சின் கோடியில் இருந்த இசிட்ரோவைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் ஓடிப்போய், மேட்டில் கிடந்த பந்தைக் குனிந்து எடுத்தான்.

அடி வாங்கியதற்காக மட்டும் என்றால் ஒருவேளை அவரை இன்னும் ஒரு வாரம் வைத்துப் பார்த்திருப்பார்கள். வயதான கைக்கு மார்ச்சில் நேரம் கொடுப்பது வழக்கம்தான். ஆனால் தானாக இறங்கி வந்தவரை நம்பி ஆட்டத்தின் கடைசியில் யார் மேட்டில் ஏற்றுவார்கள்? மத்தியானமே மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே அதிக நேரம் ஆகவில்லை.

சாயங்காலம் சலவை அறை வாசலில் வந்து நின்றார். தன் சட்டையை ஞாபகத்துக்கு எடுத்துப்போக வேண்டும் என்றார். அது இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சரி காத்திருக்கிறேன் என்று கதவில் சாய்ந்துகொண்டு, பந்து இன்றைக்கு ஈரமாக இருந்தது, கேட்சர் சைகையில் தப்பான பந்தாகக் கேட்டான், மர்வ் தன்னிடம் முன்னாடியே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று வரிசையாக அடுக்கினார். பெரிய மைதானமாக இருந்திருந்தால் ஜனங்கள் சும்மா விட்டிருக்க மாட்டார்களாம். டார்லா சிரிப்பை அடக்கத் துண்டுக் குவியலுக்குப் பின்னால் குனிந்துவிட்டாள்.

"நீ அங்கதான நின்ன கண்ணு," என்றார் என்னிடம். "நீயே சொல்லு. மர்வ் கையத் தூக்குனான்ல?"

"தூக்கல சார்," என்றேன். "நீங்களாத்தான் எறங்கி வந்தீங்க."

அத்தனை வருடத்தில் நான் அவரிடம் சேர்ந்தாற்போல் பேசியது அவ்வளவுதான். அவர் என்னை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சலவைக்காரிக்குக் கண் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை போல. சட்டை உலரும்வரை நிற்காமல் ஈரத்தோடு ஒரு பையில் போட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது அவர் எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் படகு விற்கும் கடை ஒன்றில் இருக்கிறார். வருகிறவர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்வதுதான் முக்கியமான வேலை. உடம்பு நன்றாக இருந்தபோதே தானாக விலகிக்கொண்டதாகச் சொல்கிறாராம். இசிட்ரோ அந்த இடத்தில் எறிகிறான், சில நாள் நன்றாக, சில நாள் மோசமாக. இந்த பிப்ரவரியில் அணி வந்து இறங்கியபோது ஹாலோவெல் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.