பின்னால் பார்த்து நின்ற பூட்ஸ்

அறையில் இருந்தவர்கள்: ஜில் என்ற பெண், இருபத்தைந்து வயது இருக்கலாம். நான். மேஜைமேல் ஒரு டேப் ரெக்கார்டர். அதன் பக்கத்தில், அழுகை வந்தால் துடைத்துக்கொள்ள ஒரு பெட்டி நிறையக் காகிதக் கைக்குட்டை. அவ்வளவுதான். கதவைச் சாத்திவிட்டார்கள்.

கால் போன ஒருவனிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்க இங்கே இங்கிலாந்தில் இவ்வளவு ஏற்பாடு. முதலில் கடிதம் வந்தது. பிறகு நேரம் குறித்தார்கள். பிறகு ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். எப்போது வேண்டுமானாலும் நான் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம் என்று அதில் போட்டிருந்தது. நான் இன்னும் தொடங்கவே இல்லை. ஜில் செய்வது ஒரு ஆராய்ச்சி. எத்தனை பேருக்குக் கால் போயிற்று என்ற கணக்கு அவளுக்கு வேண்டாம், அதை வேறு ஆட்கள் பார்க்கிறார்களாம். கால் போனவர்கள் அதற்குப் பிறகு எப்படி வாழ்கிறார்கள் என்பதை அவரவர் வாயால் கேட்டு எழுதுவதுதான் அவள் வேலை. கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்று காலேஜில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் அதைப் படிக்காமலே கற்றவன். ஆகவே இரண்டு பேரும் காத்திருந்தோம். டேப் மட்டும் ஓடியது.

நான் அஞ்சாங்கிளாஸ். இந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் தோல் வார் தைக்கிறேன். என் மனைவி எஸ்தர் மேல்மாடியில் நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்து அவள் முதலில் வந்தாள். பின்னாலேயே நான் விமானம் ஏறினேன். மேற்குத் தாம்பரத்தில் இதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். நான்கு வருடம் ஆயிற்று. எஸ்தரின் ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. இன்னும் எத்தனை வருடம் இருப்பாள் என்று ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டும். “நீங்க சொல்லுங்க. போலாமா, இருக்கலாமா? எதுன்னாலும் எனக்குச் சம்மதம்” என்று ஆறு மாதமாகக் கேட்கிறாள். “பாக்கலாம்” என்று ஆறு மாதமாகச் சொல்கிறேன். தாள் சமையலறை மேஜையின் இழுப்பறையில் கிடக்கிறது. தேதி இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது.

“அந்த நாளைப் பற்றிச் சொல்லுங்கள். கால் போனபோது உங்களுக்கு என்ன தோன்றியது?” என்று ஜில் கேட்டாள்.

“ரயில் போய்விட்டது” என்றேன்.

அவள் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் மெல்ல நகர்த்தினாள். “வாழ்க்கை உங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது போல இருந்ததா?”

“இல்லை. காலை எட்டு பத்து ரயில்.”

நடந்தது அவ்வளவுதான். எனக்குக் குரோம்பேட்டையில் தோல் பதனிடும் ஷெட்டில் வேலை. தாம்பரத்தில், நகர ஆரம்பித்துவிட்ட மின்சார ரயிலில் தாவி ஏறினேன். இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. ரயில்மேல் தப்பு இல்லை. அது நேரத்துக்குத்தான் கிளம்பியது.

இதற்கு முன்பும் ஒருமுறை என்னை ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். அறுபதுகளில், மேற்குத் தாம்பரத்தில், எங்கள் வீட்டு முன்னறையில். அன்றைக்கு அறையில் இருந்தவர்கள்: அப்பா. அம்மா. அக்கா சாரா. அவள் புருஷன், என் மச்சான். அவர்களுடைய பிள்ளைகள் இரண்டு. பக்கத்து வீட்டு முனியம்மா. வந்த காரணம் சொல்லாத அவள் மாமியார். நாற்காலி இரவல் கொடுத்துவிட்டு நாற்காலியோடேயே வந்துவிட்ட சைக்கிள் கடைக்காரர். சர்ச்சில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை. நான். மொத்தம் பதினொரு பேர். கதவைச் சாத்த முடியாது. வாசலில் இன்னும் ஆள் நின்றது.

அவ்வளவு பேர் கூடியது ஆராய்ச்சிக்கு அல்ல. கோயில்பிள்ளை எனக்கு ஒரு சம்பந்தம் பார்த்திருந்தார். பெண் அஸ்தினாபுரம். பெண்ணின் அப்பா வெள்ளைக்காரர் பங்களா ஒன்றில் சமையல்காரர். பையனுக்குக் காலில் ஒரு சின்ன அடி என்று கோயில்பிள்ளை அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். எவ்வளவு சின்னது என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பெண் வீட்டிலிருந்து யாராவது விசாரிக்க வருவார்கள் என்று சேதி. உடனே என்னை இரவல் நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியைத் தரை தொடும்படி இறக்கிவிட்டார்கள். மச்சானின் கல்யாண பூட்ஸை எடுத்துவந்தார்கள். வலது பூட்ஸை நான் போட்டுக்கொண்டேன். இடது பூட்ஸில் அக்கா செய்தித்தாளைத் திணித்து வேட்டிக்குக் கீழே நிறுத்தினாள். ஊன்றுகோல் இரண்டும் கொல்லையில் விறகோடு விறகாகப் போயின. அந்த நேரம் பார்த்து வாசலில் கார் சத்தம்.

முனியம்மாதான் எட்டிப் பார்த்தாள். “அய்ய, வெள்ளைக்காரியே வந்துகீறாடி! பொண்ணு வூடு எம்மாம் பெரிய எடம் பாரு!”

வெள்ளைக்கார அம்மா நோட்டோடு உள்ளே வந்தாள். கூடவே ஒரு தமிழ் நர்ஸ், பேச்சை மாற்றிச் சொல்ல. அவர்கள் வந்தது ஆஸ்பத்திரியிலிருந்து. கால் வெட்டப்பட்டவர்களை வீட்டிலேயே பார்த்து, எப்படி இருக்கிறார்கள் என்று எழுத. முன்கூட்டியே கடிதம் போட்டதாகப் பின்னால் சொன்னார்கள். இங்கிலீஷில் போட்டிருந்தார்கள்.

வெள்ளைக்கார அம்மாவுக்கு இன்னொரு நாற்காலி. நர்ஸ் என் காலடியில் பாயில் உட்கார்ந்தாள். அந்த அம்மா கேட்பாள், நர்ஸ் தமிழில் சொல்வாள், அக்கா பதில் சொல்வாள்.

“குளிக்க யாராவது ஒத்தாசை பண்றாங்களா?”

“அவனுக்கா? கெணத்துல குதிச்சான்னா மேல ஏத்தத்தான் ஆள் வோணும்.”

“வெளிய போக வர எப்படி?”

“ஓட்டந்தான். இப்பல்லாம் அவன் நடந்து நான் பாத்ததே இல்ல.”

அக்கா சொன்னதில் இது ஒன்றுதான் உண்மை.

“ஃபுட்பால் ஆடுவான் சிஸ்டர். லெஃப்ட் அவுட்” என்றார் மச்சான். கோயில்பிள்ளை கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்தார்.

“ராத்திரி தூக்கம் வருதா அவருக்கு?”

“எங்க செவுத்துக்கு இந்தாண்ட கொறட்ட கேக்குது. எங்களுக்குத்தான் தூக்கம் கெடயாது” என்றாள் முனியம்மா.

“இப்ப அவருக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?”

“சும்மா குந்திகினு இருக்கறதுதாம்மா. கால் ஒரு எடத்துல நிக்காது” என்றாள் அக்கா.

வெள்ளைக்கார அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பெயர்ப் பட்டியலைப் புரட்டினாள். நர்ஸிடம் ஏதோ கேட்டாள். நர்ஸ் என்னைப் பார்த்து, “செல்வராஜ் நீங்கதானே?” என்றாள். “ம்” என்றேன். அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான். அவள் பார்வை கீழே இறங்கியது. நானும் பார்த்தேன். அவசரத்தில் அக்கா இடது பூட்ஸைத் திருப்பி வைத்திருந்தாள். என் வலது கால் விருந்தாளிகளைப் பார்த்து நின்றது. இடது கால் கொல்லையைப் பார்த்து நின்றது. நான் மேலே கூரையைப் பார்த்தேன். நர்ஸ் நோட்டை எடுக்கிற மாதிரி குனிந்து, பூட்ஸைத் திருப்பி நேராக வைத்தாள். வேட்டி நுனியையும் சரிசெய்தாள்.

அதோடு போயிருக்கலாம். ஆனால் வெள்ளைக்கார அம்மா பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். “செயற்கைக் கால் செய்யக் கால அளக்கணுமாம்” என்றாள் நர்ஸ்.

“பொண்ணு வூட்ல கால எதுக்கும்மா அளக்கறீங்கோ?” என்றாள் அக்கா.

“பொண்ணு வீடா? நாங்க ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றோங்க.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அது நடக்காத காரியம். “அட பேஜாரே!” என்றாள் முனியம்மா. அம்மா அழத் தொடங்கினாள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் உண்மையைச் சொன்னார்கள். பொய்யைவிட அது சத்தமாக இருந்தது. நான் குளிப்பது, விழுவது, வேலை போனது, சோற்றைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பது, எல்லாம் வந்தது. சுவரைப் பார்க்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரியும். சைக்கிள் கடைக்காரர் விறகிலிருந்து ஊன்றுகோலைத் தேடி எடுத்துவந்தார். வெள்ளைக்கார அம்மா நிமிராமல் எழுதினாள். குடும்பத்தின் ஆதரவு இவருக்குத் தேவைக்கு மேலேயே இருக்கிறது என்று முடித்திருந்தாளாம்.

அஸ்தினாபுரத்திலிருந்து யாரும் வரவில்லை. நர்ஸ்தான் அடுத்த வாரம் மறுபடி அளக்க வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். மூன்றாவது தடவை அளக்க ஒன்றும் பாக்கி இல்லை. ஆனாலும் வந்தாள். அவள்தான் எஸ்தர். பூட்ஸை ஏன் திருப்பி வைத்தாய் என்று கல்யாணத்துக்குப் பிறகு கேட்டேன். “கோணலா எது இருந்தாலும் என் கை சும்மா இருக்காதுங்க” என்றாள்.

இங்கே யாரும் எனக்காகப் பதில் சொல்வதில்லை. ஊரில் தெருவில் போகிறவன் எல்லாம், “இன்னாபா, கால் எப்டி கீது?” என்பான். பதிலுக்கு நிற்க மாட்டான். நின்றால் அவனே பதிலையும் சொல்லிவிடுவான். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் நான்கு வருடமாக என் காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருநாள் பனியில் சறுக்கி அவர் வாசலிலேயே விழுந்தேன். கை கொடுத்துத் தூக்கிவிட்டு வானிலையைத்தான் திட்டினார். அது அவர் மரியாதை. நடைபாதை சமதளம். நான் உட்காரும்வரை பஸ் நகராது. முன்னறையில் பதினொரு பேர் இல்லை, நானும் எஸ்தரும்தான். சில நாள் இது நிம்மதி. சில நாள் நான் சுவரைப் பார்க்கிறேனா என்று சொல்ல ஆள் இல்லை.

ஜில் கடைசிக் கேள்விக்கு வந்தாள். “ஊருக்குத் திரும்பிப் போக ஆசை உண்டா?”

இழுப்பறைத் தாள் ஞாபகம் வந்தது. குனிந்து பார்த்தேன். மரக்கால் கொஞ்சம் திரும்பியிருந்தது. ஒரு ஷூ அவளைப் பார்த்து நின்றது. மற்றது கதவைப் பார்த்து நின்றது. அவள் காத்திருந்தாள். டேப் முடிந்து, டக்கென்று நின்றது. அவள் நன்றி சொன்னாள்.

பத்து நாளாகும் என்றவள் மூன்றாம் நாளே அனுப்பிவிட்டாள். பேசியது முழுவதும் டைப் அடித்து, நான் சரிபார்க்க. எஸ்தர் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்துக் காட்டினாள். சும்மா இருந்ததைக்கூட அந்தப் பெண் எழுதியிருந்தாள். நான்கு விநாடி மௌனம். ஆறு விநாடி மௌனம். எட்டு பத்து ரயில் வந்ததும் எஸ்தர் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடித்தாள். கடைசிப் பக்கம் வந்தது. கேள்வியைப் படித்தாள். கீழே பதில் இல்லை. நாற்பத்தொரு விநாடி மௌனம் என்று இருந்தது. அதை அவள் இரண்டு தடவை படித்தாள்.

“இத்தனை வருஷத்துல நீங்க பேசினதுலயே இதுதாங்க நீளம்” என்றாள்.

எழுந்து இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்தாள். எத்தனை வருடம் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினாள். பேனாவை மூடினாள். “அடுத்த வருஷமும் அந்தப் பொண்ணே வந்து கேக்கட்டும்.” மேஜைக்கு அடியில் என் இடது ஷூ கோணலாக நின்றிருக்க வேண்டும். அவள் காலால் அதைத் தள்ளி நேராக்கினாள். மரக்காலில் பட்டது தெரியாது. தரையில் உரசும் சத்தம் கேட்டது.

“ஆமான்னு சொல்ல ஒரு விநாடி. இல்லேன்னு சொல்ல ஒரு விநாடி. மீதி எவ்வளவுங்க?” என்றாள்.

கழித்துப் பார்த்தேன்.

முப்பத்தொன்பது.