முறைக்கிற கண்ணும் சுருக்கின கண்ணும்

என் வேலையைச் சொன்னால் போடியில் சிரிப்பார்கள். வரைந்த படங்களில் உள்ள முகத்தைப் பார்த்து, அது எந்த மாதிரிக் கண் என்று பெயர் ஒட்ட வேண்டும். கம்ப்யூட்டருக்கு முகம் பார்க்கக் கற்றுக்கொடுக்கவாம். வீட்டிலேயே, லேப்டாப்பில். "கண்ணைப் பாத்தாச் சம்பளமா? எனக்கும் ஒரு சோலி வாங்கிக் குடு" என்பார் என் வீட்டுக்காரர். குரங்கணிக்கு ஜீப்பு ஓட்டுகிறவர். கேலி பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

பாதி மூடிய கண்ணா, தூக்கக் கண்ணா என்று முதலில் குழம்பும். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். மேல் இமை மட்டும் இறங்கியிருந்தால் பாதி மூடிய கண். முகமே சோர்ந்து கிடந்தால் தூக்கம். என் உயிரை வாங்கியவை முறைக்கிற கண்ணும் சுருக்கின கண்ணும்தான். இரண்டும் சிறுத்துத்தான் இருக்கும். முறைத்தால் புருவத்தின் உள்முனை மூக்குப் பக்கம் இறங்கும். சரியாகத் தெரியாமல் சுருக்கினால் கன்னம் மேலே ஏறும், கண்ணோரம் மடியும். "முகத்துல இருக்கிறதை மட்டும் பாருங்க, கதை கட்டாதீங்க" என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள்.

கதை கட்டுவதில் நான் கெட்டிக்காரி.

என் மாமியார் ஏலக்காய்க் கடைக்குக் காய் பொறுக்கப் போவார். கறுத்ததையும் வெடித்ததையும் தனியே எடுத்துப் போடும் வேலை. சாயங்காலம் வந்ததும் வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்ப்பார். கண்ணை இடுக்கி, கழுத்தை நீட்டி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாளெல்லாம் தூசியில் கிடந்துவிட்டு வருகிறவருக்கு, மருமகள் ஃபேனுக்கடியில் பொம்மைப் படம் பார்ப்பது வயிற்றெரிச்சல் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டேனா? பதிலுக்கு முறைத்தேன். சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்தேன். அவர் கையால் தரையைத் தடவித் தட்டைத் தேடினால், அதுவும் நடிப்பு என்று நினைத்தேன். "அங்கனதான இருக்கு அத்தை!" என்று சுள்ளென்று விழுந்தேன்.

ஒருநாள் மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். பொறுக்கிய காயில் கறுத்தது கலந்து போகிறதாம், இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். "வயசாயிருச்சுல்ல" என்று சிரித்து மழுப்பினார். சரி, இனி நாள் முழுக்க இந்த முறைப்புதானா என்றுதான் எனக்குத் தோன்றியது. அவ்வளவு நல்ல மனசு எனக்கு!

அன்றைக்கே, நான் முறைப்பு என்று ஒட்டிய ஒரு கிழவியின் படம் சரிபார்ப்பவர்களிடமிருந்து திரும்பி வந்தது. 'புருவம் இறங்கவில்லை. கன்னத்தைப் பாருங்கள்' என்று குறிப்பு. சண்டை போடுவதற்காகவே படத்தைப் பெரிதாக்கினேன். புருவம் நேராகத்தான் இருந்தது. கன்னம் ஏறியிருந்தது. நிமிர்ந்தேன். வாசலில் அத்தை. அதே நேர்ப் புருவம், அதே கன்னம்.

அடிப்பாவி! லேப்டாப்பை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன்.

"அத்தை, என் கையில என்ன இருக்கு, சொல்லுங்க" என்றேன்.

"என்ன ஆத்தா, வெளையாடுறியா?" என்றார். என் கையில் ஒன்றுமே இல்லை.

தேனியில் கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணில் அழுத்தமாம். போன பார்வை போனதுதான், மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார். "வீட்ல யாருமே கவனிக்கலையா? முன்னாடியே வந்திருக்கலாமே" என்று அவர் கேட்டபோது என்னால் தலை தூக்க முடியவில்லை. கண்ணைப் பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள் நான்.

திரும்புகிற பஸ்சில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க என்னைய முறைக்கிறீங்கன்னு நெனச்சுட்டேன் அத்தை."

"நான் எதுக்கு ஆத்தா முறைக்கப் போறேன்? கண்ணு மங்குதுன்னு சொன்னா வேலைக்கு வேண்டாம்பாங்கன்னு வாய மூடிக்கிட்டேன். நீ தட்டை வைக்கிற சத்தத்தைக் கேட்டா, கோவமா இருக்கியோன்னு தோணும். மொகத்தைப் பாப்பேன். எம்புட்டுச் சுருக்கிப் பாத்தாலும் ஒன் மொகம் தெரியலை." என் கையைத் தடவிக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "இப்பக் கோவம் இல்லைல்ல?"

இல்லை என்று தலையாட்டினேன். அவர் இன்னும் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணைச் சுருக்கி, பதிலுக்காக. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இல்லை அத்தை, இல்லை!" என்றேன், பஸ்சே திரும்பிப் பார்க்கிற மாதிரி.